சேற்றுப்பாத்தியில் பேரிலைச் செடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேம்பு, கல்வாழை, பாப்பிரஸ் கோரை போல, காலடியில் எப்போதும் ஈரம் இருந்தால்தான் ஓங்கி வளரும் செடிகளை வீட்டிலேயே வளர்ப்பது எப்படி என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

வீட்டின் பின்புறம் 6 அடிக்கு 4 அடி இடம் இருக்கிறது. தாமரைக் குளத்துக்குப் போல குழி வெட்டி, ஷீட் விரித்து, மண்ணை நிரப்பினால் சேற்றுப்பாத்தி ஆகிவிடுமா?
— வாசகி, திருச்சி

ஆகாது. குளத்து ஷீட்டில் ஓட்டை விழக் கூடாது. சேற்றுப்பாத்தி ஷீட்டில் நாமே ஓட்டை போட வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான் பலருடைய பாத்தி ஆறே மாதத்தில் அழுகிப்போகிறது. செடிக்கு வேண்டியது ஈரம். தேங்கி நிற்கும் தண்ணீர் அல்ல. வேருக்குக் காற்றும் வேண்டும். பாத்திக்குள் வரும் தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் அந்தக் காற்று கிடைக்கும்.

இடத்தை முதலில் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் அஸ்திவாரம் ஓதம் காக்கும். தென்னை 10 அடிக்குள் இருந்தால் அதன் வேர் ஈரத்தைத் தேடி ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வந்து பாத்தியை நிறைத்துவிடும். காலை வெயில் 4 மணி நேரமும், பிற்பகலில் நிழலும் விழும் இடம் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

குழியின் ஆழம் ஒன்றரை அடி. அதற்கு மேல் தோண்டுவது வீண் உழைப்பு. கல், வேர்முனை எல்லாம் பொறுக்கிவிட்டு, அடியில் ஒரு அங்குலம் மணலோ பழைய கோணிச் சாக்கோ பரப்புங்கள். அதன் மேல் 250 ஜிஎஸ்எம் சில்பாலின் அல்லது 500 மைக்ரான் கறுப்பு பாலிதீன் ஷீட். ஷீட் அளவுக்குக் கணக்கு இது: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கு, அதோடு ஓரத்துக்கு 2 அடி. உங்கள் குழிக்கு 6 + 3 + 2 = 11 அடி; 4 + 3 + 2 = 9 அடி. 11 அடிக்கு 9 அடி ஷீட் வாங்குங்கள். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் கிடைத்தால் இரண்டாக மடித்தும் விரிக்கலாம். மடிப்பில் கொஞ்சம் கசிந்தாலும் சேற்றுப்பாத்திக்குக் கெடுதல் இல்லை.

இப்போது ஓட்டை. மண்மட்டம் வரப்போகும் இடத்திலிருந்து 8 அங்குலம் கீழே, பக்கவாட்டில், இரண்டரை அடிக்கு ஒன்றாகச் சுற்றிலும் 8 ஓட்டைகள். சுண்டுவிரல் நுழையும் அளவு போதும். மழை கொட்டினாலும் நீர் இந்த மட்டத்துக்கு மேல் நெடுநேரம் நிற்காது. வெயில் காலத்தில் இதற்குக் கீழே இருக்கும் நீர் சேமிப்பாக உதவும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் ஓட்டைகளை அடியிலிருந்து 4 அங்குல உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். காரணத்தை வேளச்சேரி வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

ஓட்டை போட்ட பிறகு 3 அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லிக்குள் ஒன்றரை அங்குல பிவிசி குழாய் ஒன்றைக் குழியின் நீளத்துக்குப் படுக்க வையுங்கள். அதில் அரை அடிக்கு ஒன்றாக 5 மி.மீ. துளைகள் இருக்கட்டும். ஒரு முனைக்கு மூடி, மறுமுனையில் எல்போ பொருத்தி மண்ணுக்கு மேல் அரை அடி நீட்டிவிடுங்கள். துளையில் மண் அடைக்காமலிருக்க நிழல்வலைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். தண்ணீரை எப்போதும் இந்தக் குழாய் வழியே ஊற்றினால் அடியிலிருந்து மேலேறும். மேல்மண் இறுகாது, இலையில் சேறு தெறிக்காது. ஒரு குச்சியைக் குழாய்க்குள் விட்டு எடுத்தால் நீர்மட்டமும் தெரியும். கிணற்றில் கயிறு விட்டுப் பார்ப்பது போலத்தான்.

ஜல்லிக்கு 6 கன அடி போக, மண்ணுக்கு 30 கன அடி இடம் இருக்கும். அதில் பாதி வண்டல் மண் அல்லது களி கலந்த தோட்ட மண். மீதியில் கழுவிய மணல் 6 கன அடி, நன்றாக மக்கிய தொழு உரம் 6 கன அடி, உப்பு போகக் கழுவிய தென்னைநார்க் கழிவு 3 கன அடி. ஒரு சிமெண்ட் சாக்கு சுமார் ஒன்றேகால் கன அடி பிடிக்கும். அதனால் வண்டல் 12 சாக்கு, மணலும் உரமும் ஐந்தைந்து சாக்கு, நார்க்கழிவு இரண்டரைச் சாக்கு. மண் அமுங்கும் என்பதால் இதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதானால் தூள் முழுக்கப் போகும்வரை கழுவியாக வேண்டும். அந்தத் தூள் ஈரத்தில் படிந்து தரை போல இறுகிவிடும்.

நிரப்பியதும் நடாதீர்கள். தண்ணீர் விட்டு 15 நாள் ஆற விடுங்கள். அமுங்கிய பிறகு மட்டம் பார்த்து மண் சேர்த்து, ஓரத்து ஷீட்டை மடித்து மண்ணுக்குள் புதைத்துவிட்டு நடலாம். ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். கத்திரி வெயிலில் தொடங்க வேண்டாம்.

போன வருடம் பாத்தி அமைத்தேன். சாணமும் இலைதழையும் தாராளமாகப் போட்டேன். இப்போது மண்ணைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். கல்வாழை மஞ்சளாகிச் சாய்கிறது. உரம் போதவில்லையா?
— வாசகர், மன்னார்குடி

உரம் அதிகமாகிவிட்டது. அதுவும் பச்சைச் சாணம். மண்ணுக்குள் காற்று இல்லாத நிலையில் மக்காத பொருள் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. நீங்கள் முகர்வது அதைத்தான். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். மை போலக் கறுத்து, காற்றுப்பட்டதும் மெல்ல நிறம் வெளுத்தால் சந்தேகமே வேண்டாம். வேரை உருவினால் மேல்தோல் கழன்று நார் மட்டும் கையில் வரும். வேர் இல்லாத செடிக்கு எவ்வளவு உரம் போட்டும் பயனில்லை.

தண்ணீரை நிறுத்துங்கள். கடப்பாரையால் அரை அடிக்கு ஒரு குத்தாகப் பாத்தி முழுக்கக் குத்தி, குழிகளில் கரடுமுரடான மணலை நிரப்புங்கள். ஷீட் ஓரமாக ஒரு பக்கம் தோண்டி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்சொன்ன மட்டத்தில் இப்போதே போடுங்கள். கடப்பாரை அடிஷீட்டை எட்டாமலிருக்க ஓரடி உயரத்தில் ஒரு துணியை அடையாளமாகக் கட்டிக்கொள்ளலாம். ஒரு வாரம், பத்து நாளில் நாற்றம் அடங்கும். சாய்ந்த கல்வாழைகளைத் தோண்டி, அழுகிய கிழங்கை வெட்டி எறிந்து, கெட்டியான கணுக்கள் இரண்டு மூன்று உள்ள துண்டுகளை ஒரு நாள் நிழலில் ஆற வைத்து மறுபடி நடுங்கள்.

இனி உரம் இடும்போது, மாதம் ஒரு செடிக்கு ஒரு கிலோ மண்புழு உரத்தோடு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு, அதுவும் மேல்மண்ணில் மட்டும். யூரியாவை மொத்தமாகக் கொட்டுவது சேற்றுமண்ணில் காசைக் கரைப்பதுதான். காற்றில்லாத மண்ணில் நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடும். வயலில் யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுவதற்கும் இது ஒரு காரணம்.

சேம்பு இலையின் ஓரம் தீய்ந்தது போலப் பழுப்பாகிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன், ஈரம் குறையவே இல்லை. போர் தண்ணீர்தான், டிடிஎஸ் 1500 காட்டுகிறது.
— வாசகர், வேளச்சேரி

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 1500 என்றால் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு, அதாவது ஒன்றரைக் கிராம். தினம் 20 லிட்டர் விட்டால் 30 கிராம். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 11 கிலோ. தண்ணீர் இலை வழியாகவும் மண்பரப்பு வழியாகவும் ஆவியாகிவிடும்; அந்த 11 கிலோ எங்கும் போகாமல் உங்கள் ஷீட்டுக்குள்ளேயே தங்கும். சாதாரணத் தோட்டத்தில் மழை அதை அடிமண்ணுக்குக் கழுவிக்கொண்டு போகும். ஷீட் போட்ட பாத்தியில் அதற்கு வழி ஓட்டைகள் மட்டுமே. உப்புத் தண்ணீர் ஊர்களில் ஓட்டையைத் தாழ்வாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

மேல்மண்ணில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் அதைச் சுரண்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். மாடியில் விழும் மழைநீரைக் குழாய் வைத்து நேரே பாத்திக்குத் திருப்புங்கள். வடகிழக்குப் பருவமழையில் நாலைந்து பெருமழை உள்ளே இறங்கி வெளியேறினாலே பெரும்பகுதி உப்பு கழன்றுவிடும். கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேமித்து ஊற்றுங்கள். அதில் உப்பு இல்லை. சென்னைப் புழுக்கத்தில் தினமும் ஒரு வாளிக்குக் குறையாது. ஆர்ஓ கருவி கழித்துவிடும் தண்ணீரை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம்.

ஓரம் தீய்வது உப்பினால். புதுக் குருத்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது வேறு, இரும்புச்சத்துக் குறை. அதற்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்போடு (இரும்பு சல்ஃபேட்) அரை எலுமிச்சம்பழச் சாறு கலந்து மாலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் அடுத்து விரியும் இலையில் மாற்றம் தெரியும். வெளிறிய பழைய இலை முழுப் பச்சைக்குத் திரும்பாது.

வெளிநாட்டு வீடியோக்களில் ஆள் உயரத்துக்கு இலை விடும் குன்னெரா என்ற செடியைப் பார்த்தேன். கோவையில் வளருமா? விதை கிடைக்கிறது என்கிறார்கள்.
— வாசகர், கோயம்புத்தூர்

வளராது. குன்னெரா மானிக்காட்டா தென்கிழக்கு பிரேசிலின் செர்ரா டோ மார் மலைத்தொடரைச் சேர்ந்தது. மலைச் சாரலின் குளிர்ந்த ஈரம் அதற்கு வேண்டும். இரண்டு மீட்டர் அகல இலை விடுவது உண்மைதான். ஆனால் நம் சமவெளியின் சூடான இரவுகளை அது தாங்காது. பிரிட்டனில்கூட இப்போது அதைப் புதிதாக விற்க முடியாது. அதன் உறவுச் செடியான குன்னெரா டிங்டோரியா ஓடைக்கரைகளை ஆக்கிரமித்ததால் 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. மானிக்காட்டா என்ற பெயரில் பிரிட்டன் தோட்டங்களில் வளர்ந்தவை பெரும்பாலும் அந்த டிங்டோரியாவோடு கலந்த கலப்பினம் என்று 2023-இல் தெரியவந்ததும், தடை அதற்கும் பொருந்திவிட்டது.

உங்களுக்கு வேண்டியது பேரிலை என்றால் நம் தட்பவெப்பத்துக்கே பொருந்திய அலோகேசியா மேக்ரோரைசோஸ் இருக்கிறது. நர்சரியில் யானைக்காது என்று கேட்டால் தருவார்கள். மூன்று நாலு அடி நீள இலை சாதாரணம். ஆனால் யானைக்காது என்று சேம்பையும் சொல்வதுண்டு, பார்த்து வாங்குங்கள். இலை நுனி வானத்தைப் பார்த்தால் அலோகேசியா. தரையைப் பார்த்துத் தொங்கி, காம்பு இலையின் விளிம்பில் சேராமல் உட்பக்கமாகச் சேர்ந்திருந்தால் சேம்பு. இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. சேம்பு சேற்றிலேயே நிற்கும். அலோகேசியாவின் தண்டு எப்போதும் நீரில் ஊறினால் அழுகிவிடும். அதைப் பாத்தியின் நடுவில் நடாமல், ஓரத்தில் அரை அடி மேடு கட்டி நட வேண்டும்.

6 அடிக்கு 4 அடியில் என்னென்ன நடலாம், எத்தனை?
— வாசகி, மதுரை

ஆசைப்பட்டு நெருக்கி நடுவதுதான் வழக்கமான தவறு. இந்த அளவுக்குப் பெரிய செடி மூன்று போதும்: பின்வரிசையில் ஒரு பாப்பிரஸ், ஒரு சேம்பு, மேட்டில் ஓர் அலோகேசியா. இடைவெளியில் இரண்டு கல்வாழை. முன்னோரத்தில் வசம்பு நாலைந்து கன்று. மண் தெரியாமல் படர நீர்ப்பிரம்மியோ வல்லாரையோ.

பாப்பிரஸ் நல்ல ஈரத்தில் 8 அடிக்கு மேல் போகும். காற்று அடிக்கும் பக்கத்தில் சுவர் மறைப்பு இல்லையென்றால் தண்டு ஒடிந்து தொங்கும். அப்படிப்பட்ட இடத்தில் 4 அடிக்குள் நிற்கும் குடைக்கோரையே நல்லது. குடைக்கோரையைப் பெருக்க விதை வேண்டாம். குடை போன்ற தலையை ஒரு சாண் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் தலைகீழாகப் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து வேரும் குருத்தும் கிளம்பும்.

வெள்ளை மணப்பூ விடும் ஹெடிசியம், பாத்தி ஓரத்துக்கு மிகவும் ஏற்றது. மாலையில் அதன் வாசனை வீட்டுக்குள் வரும். ஹெலிகோனியாவைச் சேற்றுச் செடி என்று விற்கிறார்கள். அதற்கு ஈரம் பிடிக்கும், சேறு பிடிக்காது. ஷீட்டுக்கு வெளியே, கசிவு வரும் பக்கத்தில் நட்டால் நன்றாக வரும்.

ஏரியிலிருந்து சம்பங்கோரையும் ஆகாயத்தாமரையும் எடுத்து வந்து வைக்கலாமா? செலவு மிச்சம்தானே?
— வாசகர், செங்கல்பட்டு

ஆகாயத்தாமரை கூடவே கூடாது. அது மிதக்கும் செடி, சேற்றுப்பாத்தியில் அதற்கு வேலையும் இல்லை. ஒரு துண்டு வாய்க்காலுக்குப் போனால் ஏரிக்குப் போய்விடும். நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒரு குச்சிகூட வேண்டாம். சம்பங்கோரையின் கிழங்கு முனை ஊசி போலக் கூர்மையானது. ஷீட்டைத் துளைத்துக்கொண்டு போய் இரண்டே வருடத்தில் மற்ற செடிகளை விழுங்கிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் தடித்த பிளாஸ்டிக் டப்பில் தனியாக வையுங்கள். பூக்கதிர் பஞ்சாகி வெடிப்பதற்கு முன் வெட்டிவிடுங்கள்.

சேறு என்றாலே கொசு வரும் என்று வீட்டில் எதிர்க்கிறார்கள். டெங்கு பயமும் இருக்கிறது.
— வாசகி, புதுச்சேரி

பயம் நியாயமானது. ஆனால் கொசு முட்டையிட்டுப் புழுவாகி வளர்வது தேங்கிய நீரில், ஈர மண்ணில் அல்ல. நீர்மட்டம் மண்ணுக்கு 8 அங்குலம் கீழே இருக்கும் பாத்தியில் புழு நீந்த இடமில்லை. கவனம் வேண்டிய இடங்கள் மூன்று. தண்ணீர் ஊற்றும் குழாயின் வாய் திறந்திருந்தால் அதுவே சிறு கிணறு. கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். மண் அமுங்கி உண்டாகும் பள்ளங்களை உடனே நிரப்புங்கள். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: சேம்பு, அலோகேசியா, வாழை ஆகியவற்றின் மட்டை தண்டோடு சேரும் கக்கத்தில் மழைநீர் தேங்கும். ஏடிஸ் வகைக் கொசுவுக்கு அந்த ஒரு கரண்டி நீரே போதும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை குழாய்நீரை அழுத்தமாகப் பீய்ச்சி அதை வெளியேற்றுங்கள். நம் வெயிலில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தவறாமல் செய்தால் போதும். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் வாங்கி விடச் சொல்வார்கள். இந்தப் பாத்தியில் மீனுக்கு நீர் இல்லை.

பாத்திரம் கழுவும் தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் பாத்திக்குத் திருப்பலாமா?
— வாசகர், ஈரோடு

கிணற்றடியிலும் அடுப்படிக்குப் பின்னாலும் கல்வாழையும் சேம்பும் வாழையும் வைத்தது நம் வீடுகளின் பழைய வழக்கம். கழுவு நீரைக் கல்வாழை நன்றாகவே தாங்கும். ஆனால் அந்தத் தண்ணீர் திறந்த மண்ணில் ஓடியது. ஷீட்டுக்குள் விடும்போது எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஜல்லியை அடைத்து, மன்னார்குடி வாசகரின் நாற்றத்துக்கு வழி செய்யும். ஒரு 20 லிட்டர் மூடி வாளியை இடையில் வையுங்கள். உள்வரும் குழாய் மேலே இருக்கட்டும். வெளியேறும் குழாயை ‘டி’ இணைப்பு கொண்டு வாளியின் பாதி ஆழத்திலிருந்து எடுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடு நீர் மட்டும் போகும். பத்து நாளுக்கு ஒருமுறை வாளியைக் கழுவ வேண்டும்; கழுவ நேரமில்லாதவர்கள் இந்த ஏற்பாட்டில் இறங்க வேண்டாம்.

மெஷின் தண்ணீரில் முதல் சோப்புத் தண்ணீரை விட்டுவிட்டு, அலசும் தண்ணீரை மட்டும் விடுங்கள். பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், ஆசிட் கலந்த தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். கழுவு நீர் போகும் பாத்தியில் வளரும் வல்லாரையையும் சேம்பையும் சமைக்காதீர்கள்.

மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, தார்ப்பாய் விரித்து இதே பாத்தியைச் செய்யலாமா?
— வாசகி, திருப்பூர்

வேண்டாம். நனைந்த மண் ஒரு கன அடி 50 கிலோ. ஒன்றரை அடி ஆழத்துக்குச் சதுர அடிக்கு 75 கிலோ ஏறும். ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. ஐந்து மடங்குக்கும் மேல்! உடனே விழாவிட்டாலும் விரிசல் விட்டு ஒழுகத் தொடங்கும்.

மாடிக்கு 40, 50 லிட்டர் டப்புகளே சரி. அடியில் ஓட்டை போடாமல், மண்மட்டத்திலிருந்து 4 அங்குலம் கீழே பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போடுங்கள். நார்க்கழிவை இரட்டிப்பாக்கி, மணலைக் குறைத்தால் எடை குறையும். ஒவ்வொரு டப்பும் 70, 80 கிலோ இருக்கும். அடியில் சுவரோ உத்திரமோ வரும் வரிசையில் ஓரமாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். குட்டைக் கல்வாழை, குடைக்கோரை, சிறு சேம்பு நன்றாக வரும். பாப்பிரஸும் அலோகேசியாவும் மாடிக் காற்றுக்கு நிற்காது.

மழை பிடித்ததும் சேம்பு இலையில் நீர் கோத்தது போல வட்டப் புள்ளிகள் வந்து, ஒரே வாரத்தில் இலை கருகித் தொங்குகிறது.
— வாசகர், நாகர்கோவில்

இது இலைக்கருகல். பைட்டாப்தோரா கொலகேசியே என்ற பூசணம் போன்ற நுண்ணுயிரி, விடாத தூறலில் ஓர் இலையிலிருந்து அடுத்ததற்குத் துளியோடு தெறித்துப் பரவும். பாதித்த இலையைக் காம்போடு வெட்டி எரித்துவிடுங்கள். குப்பைக் குழியில் போட்டால் திரும்பி வரும். மிச்சமுள்ள இலைகளுக்கு 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் மயில்துத்தம், இன்னொரு அரை லிட்டரில் 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டும் பிளாஸ்டிக் வாளியில்தான். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், படியாவிட்டால் சரி. அன்றே தெளித்து முடித்துவிடுங்கள். சேம்பு இலையில் நீர் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆகவே ஒரு சொட்டு காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கத்திலும் படும்படி, மழை விட்ட வேளையில் தெளியுங்கள். செடிக்குச் செடி 3 அடி இடைவெளி இருந்தால் இந்த நோய் பாதியாகக் குறையும்.

அதே மழையில் ஆப்பிரிக்க நத்தையும் வரும். மாலையில் நனைத்த சாக்கைப் பப்பாளி இலையோடு போட்டு வையுங்கள். காலையில் அதன் அடியில் கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கக்கூடும். கையுறையோடு பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசல் வாளியில் போட்டுக் கொல்லுங்கள். உப்பைப் பாத்தியில் தூவ வேண்டாம்.

அழகுக்கு வைக்கும் கறுப்புச் சேம்பைச் சமைக்கலாமா?
— வாசகி, மாத்தளை, இலங்கை

வேண்டாம். எல்லாச் சேம்பிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் உண்டு. அரிப்பும் தொண்டைக் கரகரப்பும் அதனால்தான். உணவு ரகங்களில் குறைவு, நன்றாக வேக வைத்துப் புளி சேர்த்தால் அடங்கும். அழகு ரகங்களில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அலோகேசியாவைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் வளர்த்து உண்ணவும் வேண்டுமென்றால் உங்கள் நாட்டிலேயே கொஹிலா இருக்கிறதே. வயலோரச் சேற்றில் வரும் அந்த முள்செடியின் இளங்குருத்தும் கிழங்கும் கறிக்கு ஆகும். பாத்தியின் உள்பக்கத்தில், கால் படாத இடத்தில் நடுங்கள்.

தவளை வந்தால் பாம்பு வருமா?
— வாசகி, தென்காசி

வரலாம். பாத்தியைச் சுற்றி 3 அடிக்குத் தரை வெறுமையாக இருக்கட்டும். அழகுக்காகக் கல் அடுக்காதீர்கள், அந்த இடுக்குதான் அதற்கு வீடு. காய்ந்த மட்டைகளை வாரம் ஒருமுறை அடியோடு அறுத்தெடுங்கள். வேலை செய்யும்போது முதலில் குச்சியால் தட்டிவிட்டுப் பிறகு கையை விடுங்கள்.

கோடையில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்? மே மாதம் ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.
— வாசகர், வேலூர்

உச்ச வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 7 மி.மீ. அளவில் ஆவியாகும். பேரிலைச் செடிகள் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்கும். 24 சதுர அடி என்பது 2.2 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 18, 19 லிட்டர் வரும்; கசிவையும் சேர்த்து 20 லிட்டருக்குச் சற்று மேல் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தினம் ஊற்றுவதைவிடக் குச்சி விட்டுப் பார்ப்பது நல்லது. நீர்மட்டம் மண்மட்டத்திலிருந்து 14 அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் ஊற்றுங்கள். மதிய வெயிலில் சேம்பு தலை சாய்த்து, மாலையில் நிமிர்ந்தால் அது இயல்பு. காலையிலும் சாய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வேர் அழுகியிருக்கிறது. எது என்று குச்சி சொல்லிவிடும்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஓட்டை மட்டம் வரை நிரப்பிவிட்டு, ஒவ்வொரு செடியிலும் பெரிய இலைகளில் பாதியை அறுத்துவிடுங்கள். இலை குறைந்தால் நீர்ச்செலவும் அந்த அளவுக்குக் குறையும். மண்மேல் 2 அங்குலத்துக்குத் தென்னைநாரோ காய்ந்த வைக்கோலோ பரப்புங்கள். 20 லிட்டர் கேன்கள் மூன்றை மேடை மேல் வைத்து, சலைன் குழாயைப் பொருத்தி, முனையை ஊற்றும் குழாய்க்குள் விட்டு, வினாடிக்கு ஒன்றிரண்டு சொட்டாகத் திருகி வையுங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் வரும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பொருத்தி, சொட்டு நின்றுவிடாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் அடைப்பது பெரும்பாலும் முதல் நாளில்தான்.